தடை தாண்டுவதற்குக் குதிரையைப் பழக்குவது கஷ்டமா, ஆளைப் பழக்குவது கஷ்டமா?

அமெரிக்காவில் ஹண்டர், ஜம்பர் என்று இரண்டு வகைக் குதிரையேற்றம் இருக்கிறதே, அதற்கு எப்படிப் பழக்குகிறார்கள், எவ்வளவு நாள் ஆகும், குதிரைக்கு அதிகப் பாடா ஆளுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆளைப் பழக்குவதுதான் கஷ்டம். வர்ஜீனியாவில் 35 வயதில் தொடங்கி ஆறு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் அதே லாயத்தில் சாணி அள்ளுவேன், புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சேணம் பூட்டிக் கொடுப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் வித்தியாசம். ஹண்டர், நரிவேட்டையிலிருந்து வந்தது. வேட்டை நாய்களின் பின்னால் மணிக்கணக்கில் போகும் குதிரை வேலி, மதில் எது வந்தாலும் பதறாமல் ஒரே சீராகத் தாண்ட வேண்டும். நடுவர் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது அந்த நிதானத்துக்குத்தான். ஜம்பரில் அழகுக்கு மதிப்பெண் இல்லை. கம்பு விழுந்தால் 4 பிழைப்புள்ளி, குதிரை முதல் தடவை மறுத்து நின்றால் 4, ஆள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அப்புறம் கடிகாரம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க ஆசையிருந்தால் ஜூன் மாதம் வர்ஜீனியாவின் அப்பர்வில் ஊருக்குப் போங்கள். 1853-இல் தொடங்கிய குதிரைக் காட்சி, அமெரிக்காவிலேயே பழையது.

எந்த வகையானாலும் பயிற்சி தரையில் கிடக்கும் கம்பில்தான் தொடங்கும். நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ட்ராட் ஓட்டத்துக்கு ஏறக்குறைய நாலரை அடிக்கு ஒன்றாகக் கம்புகளைப் போட்டு அதன்மேல் ஓட்டுவார்கள். எங்கே கால் வைப்பது என்று குதிரை தானே பார்க்கப் பழகும். பிறகு பெருக்கல் குறி மாதிரி வைத்த தாழ்வான குறுக்குக் கம்பு. அதன் பிறகு அளந்து வைத்த வரிசைத் தடைகள். ஹங்கேரியக் குதிரைப்படையிலிருந்து வந்த பெர்ட்டலான் டி நெமெத்தி, 1955 முதல் 1980 வரை அமெரிக்க அணியின் பயிற்சியாளராக இருந்தவர், இந்தத் தரைக் கம்பையும் வரிசைத் தடையையும்தான் தன் பயிற்சிக்கு அடித்தளமாக வைத்தார். இடைவெளி சரியாக இருந்தால் குதிரை தானாகவே சரியான இடத்துக்கு வந்து எழும்பும். மேலே இருப்பவர் குறுக்கிடாமல் இருந்தால் போதும்.

அவசரம் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்து வயது தாண்டிவிடும். மூன்று, நான்கு வயதுக் குட்டிகளை உயரமான தடைகளில் விரட்டுவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

குதிரைக்குத் தாண்டத் தெரியாமல் இல்லை. 1956-இல் பென்சில்வேனியாவின் நியூ ஹாலண்ட் சந்தையில், இறைச்சிக்குப் போகவிருந்த ஓர் உழவுக் குதிரையை 80 டாலருக்கு வாங்கினார்கள். பக்கத்தில் இருந்த ஒருவருக்கு விற்றால், வேலியைத் தாண்டித் தாண்டிப் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. அந்த ஸ்னோமேன்தான் 1958-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஜம்பர் சாம்பியன்.

ஆளுக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை, தாண்டும்போது பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பதுதான் முறை. குதிரைக்கு வாயில் வலி, முதுகில் பாரம். ஃபெடெரிகோ காப்ரில்லி என்ற இத்தாலியப் படை அதிகாரிதான் அதை மாற்றினார். உடம்பு முன்னே போகட்டும், கை குதிரையின் வாயோடு சேர்ந்து போகட்டும் என்றார். கேட்க எளிது. ஆனால் பயம் வந்தால் மனிதக் கை இழுக்கத்தான் செய்யும்.

நானும் இழுத்தேன். லாயத்தில் 19 வயதுக் குதிரை ஒன்று, மனசுக்குள் தாத்தா என்று கூப்பிடுவேன். ஒவ்வொரு தடைக்கும் மூன்று பாய்ச்சல் இருக்கும்போதே என் கை இறுகிவிடும். பல வாரம் பொறுத்தவன் ஒருநாள் தடைக்கு முன்னால் நின்றுவிட்டான். நான் அவன் கழுத்தைத் தாண்டி மணலில் கிடந்தேன். ஆசிரியை அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடையை நெருங்கும் கடைசி நொடியில் அது குதிரையின் கண்ணுக்கு மறைந்துவிடும், அதுவரை பார்த்ததை நம்பித்தான் எழும்புகிறான், அந்த நேரம் பார்த்து வாயை இழுத்தால் என்ன செய்வான் என்று என்னைக் கேட்டார். அவன் கழுத்தில் ஒரு பழைய தோல் வாரைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு பாய்ச்சல்களைச் சத்தமாக எண்ணச் சொன்னார். தமிழில்தான் எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. வாய் எண்ணினால் மூச்சு நிற்காது, மூச்சு ஓடினால் கை இறுகாது. அவனுடைய ஒரு காது என் பக்கம் திரும்பியது இன்னும் நினைவிருக்கிறது.

எண்ணுவதற்கு ஒரு கணக்கும் உண்டு. கேன்டர் என்ற மிதமான பாய்ச்சல் ஓட்டத்தில் ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி. இரண்டு தடைக்கு நடுவே 72 அடி என்றால் இறங்க 6, எழும்ப 6, மீதி 60-இல் ஐந்து பாய்ச்சல். போட்டிக்கு முன் களத்தை நடந்து அளக்க வேண்டும் என்பதற்காக, வீட்டுக் கூடத்தில் மூன்றடிக்கு ஒரு டேப் ஒட்டி நடை பழகினேன். ஹண்டரில் அந்த ஐந்தும் ஒரே அளவில் விழ வேண்டும். ஜம்பரில் வேண்டுமென்றே இடைவெளியைக் கூட்டிக் குறைத்து வைப்பார்கள். பாய்ச்சலைச் சுருக்குவதா நீட்டுவதா என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். அதற்குத் தடை இல்லாமல் கேன்டரை மட்டும் பழகும் நாட்கள்தான் அதிகம். நாங்கள் தாண்டுவது வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை.

நாள் கணக்கு கேட்டீர்கள். வாரம் இரண்டு வகுப்பில், முதல் குறுக்குக் கம்பைத் தாண்ட எனக்கு எட்டு மாதம், இரண்டடி உயரத் தடைக்கு இரண்டு வருடம், மூன்றடிக்கு ஐந்து வருடம். சிறு வயதில் தொடங்குகிறவர்கள் இதைவிடச் சீக்கிரம் வருகிறார்கள். எந்த ஊரில் சேர்ந்தாலும், முதல் மாதங்களில் கடிவாளத்தைக் கையில் கொடுக்காமல், நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டவிட்டு உட்காரப் பழக்கும் ஆசிரியராகப் பார்த்துச் சேருங்கள்.