துப்பாக்கியைத் திருப்பிய சிப்பாய்கள்: கேள்வி பதில்

ராயபுரத்திலிருந்து: சார், சென்னையில் குண்டு போட்ட எம்டனுக்கும் சிங்கப்பூர் சிப்பாய்க் கலகத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு நம் துறைமுகப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளை எரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த நவம்பரில் கோகோஸ் தீவருகே ஒழிந்தது. பிடிபட்ட அதன் அதிகாரி லாட்டர்பாக்கை சிங்கப்பூர் டாங்லின் முகாமில் அடைத்தார்கள். அங்கே காவலுக்கு நின்றது 5வது லைட் இன்ஃபன்ட்ரி, பிரிட்டிஷ் இந்தியப் படைப்பிரிவு. பின்னால் கலகம் செய்தது இவர்கள்தான். மனுஷன் சிப்பாய்களிடம் நன்றாகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். 1915 பிப்ரவரி 15 அன்று அவர்கள் முகாமைத் திறந்துவிட்டபோதோ, பெரும்பாலான ஜெர்மானியர்கள் துப்பாக்கியை வாங்கவே இல்லை. லாட்டர்பாக் சிலரோடு தப்பி ஓடிவிட்டார். இவரைப் போய்க் கலகத் தலைவர் என்பது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

வியாசர்பாடியிலிருந்து: அப்போ எதற்காகக் கிளம்பினார்கள் ஐயா? மதமா?

மதமும்தான். படை முழுக்க வட இந்திய முஸ்லிம்கள். துருக்கி சுல்தான்தான் கலீஃபா, அதாவது முஸ்லிம்களின் தலைவர்; அவரோ போரில் ஜெர்மனி பக்கம். பிரிட்டிஷ் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பிய கதர் கட்சியின் பேச்சும் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதற்கு மேல், பதவி உயர்வு விஷயத்தில் படைக்குள்ளேயே கோஷ்டிச் சண்டை. படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் மார்ட்டினை அவருடைய அதிகாரிகளுக்கே பிடிக்காது. இந்த நிலையில் கப்பலேறச் சொல்லி உத்தரவு. போக வேண்டியது ஹாங்காங்குக்கு. துருக்கியரோடு சண்டை போடத்தான் கூட்டிப் போகிறார்கள் என்று வதந்தி. அன்று காலை அணிவகுப்பில் வழியனுப்பிப் பேசிய சிங்கப்பூரின் பிரிட்டிஷ் தளபதி ரிடௌட், ஊர் பெயரைச் சொல்லாமலே முடித்துவிட்டார். மதியம் துப்பாக்கி வெடித்தது. என் கணக்கில் அந்த மௌனத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே நண்பர்: எப்படி அடக்கினார்கள்?

கையில் போதிய படை இல்லை. பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியப் போர்க்கப்பல்களின் மாலுமிகளும் ஜோகூர் சுல்தானின் படையும் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊட்ரம் சிறைக்கு வெளியே, ஊரே வேடிக்கை பார்க்க.

காசிமேட்டிலிருந்து: நம்ம ஊரில் இப்படி ஏதாவது நடந்ததா அண்ணே?

இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 4வது மதராஸ் கரையோரப் பீரங்கிப் படையில் இருந்த வங்காளிகளைச் சதி செய்ததாகப் பிடித்தார்கள். மன்குமார் பாசு தாக்கூர் உட்பட 9 பேருக்கு 1943 செப்டம்பர் 27 அன்று சென்னையிலேயே தூக்கு. அதே மாதம் 10ஆம் தேதி தூக்கிலிடப்பட்ட வக்கம் காதரோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் ஜப்பானியர் பக்கமிருந்து நீர்மூழ்கியில் கேரளக் கரைக்கு வந்து இறங்கியவர். அந்த வழக்கு வேறு.