கயாக் ஃபிஷ் ஃபைண்டருக்கு எந்த பேட்டரி? வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கயாக்கில் (சிறு துடுப்புப் படகு) பொருத்திய, ஒலித்துடிப்பால் நீருக்கடியில் மீன் இருப்பதைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டருக்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய பேட்டரி. அவற்றில் எட்டுக்கு இங்கே பதில்.

கோவளம் கடலில் கயாக்கில் மீன் பிடிக்கிறேன். 5 அங்குல ஃபிஷ் ஃபைண்டர். காலை ஐந்தரைக்குப் போனால் பதினொன்றரைக்குத் திரும்புவேன். கடைக்காரர் 20 ஆம்பியர் அவர் (ஆம்பியர்-மணி, Ah) பேட்டரி வாங்கச் சொல்கிறார். அவ்வளவு தேவையா? – சென்னை வாசகர்

தேவையில்லை. உங்கள் கருவியின் கையேட்டில், 12 வோல்ட்டில் அது எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று ஒரு வரி இருக்கும். அந்த எண்தான் கணக்கு. பெட்டியின் மேல் 500 வாட், 4000 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பும் அந்தக் கணநேரத்தின் திறன். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே கருவி பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

பொதுவாக 5 அங்குலக் கருவி அரை ஆம்பியர் அளவில் இழுக்கும். 7 அங்குலம் என்றால் ஏறத்தாழ ஒரு ஆம்பியர். பக்கவாட்டு ஸ்கேன் உள்ள 9 அங்குலக் கருவி ஒன்றரை ஆம்பியரைத் தாண்டும். திரை வெளிச்சத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வெயிலில் முழு வெளிச்சம் வைக்காமல் ஒன்றும் தெரியாது, ஆகவே முழு வெளிச்சத்துக்கான எண்ணையே கணக்கில் எடுங்கள்.

உங்களுக்கு 0.5 ஆம்பியர், 6 மணி நேரம்: 3 ஆம்பியர் அவர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தலாம் என்று வைத்தால் 3.75 போதும். பேட்டரிக்கு வயதாகும், சில நாள் கூடுதல் நேரம் இருப்பீர்கள், எனவே 6 அல்லது 7 ஆம்பியர் அவர் வாங்குங்கள். ஈய அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது. அப்போது தேவை 6, வாங்க வேண்டியது 7. இருபதை வாங்கினால் லித்தியத்திலேயே ஒரு கிலோவுக்கு மேல் வீணாகச் சுமப்பீர்கள்.

கையேடு இல்லை என்றால் மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பாசிட்டிவ் ஒயரின் நடுவே தொடராக இணைத்து, திரையை முழு வெளிச்சத்தில் வைத்து அளக்கலாம். அளந்து முடித்ததும் சிவப்பு முனையை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். அப்படியே விட்டு, அடுத்து வோல்ட் பார்க்கிறேன் என்று பேட்டரியின் இரு முனையிலும் வைத்தால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்.

வீட்டு யூ.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர் அவர் பேட்டரி இருக்கிறது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்ப்ரேயரில் இருக்கும் 8 ஆம்பியர் அவர் பேட்டரியும் உண்டு. இவற்றைப் பயன்படுத்தலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

நல்ல நிலையில் இருந்தால் தாராளமாக. இரண்டும் பெரும்பாலும் மூடிய ஈய அமில வகைதான், வோல்ட் பொருந்தும். எடை இரண்டு கிலோவுக்கு மேல் வரும், அவ்வளவுதான். ஆனால் யூ.பி.எஸ்.ஸில் இருந்து கழற்றியது என்றால் ஏன் கழற்றினீர்கள் என்பது முக்கியம். கொள்ளளவு போனதால் கழற்றியிருந்தால், கரையில் 12.7 வோல்ட் காட்டிவிட்டு நடுக்கடலில் கைவிட்டுவிடும். சும்மா இருக்கும்போது காட்டும் வோல்ட் எதையும் நிரூபிக்காது.

இப்படிச் சோதியுங்கள். முழுக்க சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வில் விட்டு, காரில் போடும் 12 வோல்ட் 5 வாட் பல்பை இணையுங்கள். அது 0.4 ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும், கிட்டத்தட்ட உங்கள் கருவி அளவு. பல்பு எரியும்போதே முனையில் வோல்ட் பாருங்கள். புதிய 7 ஆம்பியர் அவர் பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கப் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். எட்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் அதைப் பழைய பேட்டரி எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஈய அமிலத்துக்கு ஒரு கண்டிப்பான பழக்கம் வேண்டும்: கரைக்கு வந்த அன்றே சார்ஜில் போடுவது. காலியாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது. சார்ஜர் 14.4 வோல்ட் வரை ஏற்றி, பிறகு 13.7 அளவில் தாங்கிப் பிடிப்பதாக இருக்கட்டும். ஒரு ஆம்பியர் போதும். காருக்கான பெரிய சார்ஜர் சூடாக்கிக் கெடுத்துவிடும். மூடிய பெட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். அதிகம் ஏறினால் ஹைட்ரஜன் வெளிவரும்.

இணையத்தில் '12 வோல்ட் லித்தியம், 20 ஆம்பியர் அவர்' என்று மிக மலிவாகக் கிடைக்கிறது. எடை 500 கிராம்தான். கயாக்குக்கு இலகுவாக இருக்குமே? – சிங்கப்பூர் வாசகர்

அந்த எடையில் அந்தக் கொள்ளளவு இருக்க முடியாது. 12 வோல்ட்டை 20 ஆல் பெருக்கினால் 240 வாட் அவர். மிகச் சிறந்த லித்தியம் அயான் செல்லே கிலோவுக்கு 250 வாட் அவர் சுற்றுவட்டாரத்தில்தான் தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் அதைவிடக் குறைவு. 500 கிராமில் உண்மையான கொள்ளளவு 10 ஆம்பியர் அவரைத் தாண்டாது, அதுவும் செல்கள் தரமாக இருந்தால். வாங்குமுன் எடையைக் கேட்பது போல எளிய சோதனை வேறு இல்லை. ஒழுங்கான 10 ஆம்பியர் அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒரு கிலோவுக்குக் குறையாது.

அடுத்தது, '12 வோல்ட் லித்தியம்' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்கின்றன. லேபிளில் 12.8 வோல்ட், சார்ஜரில் 14.6 வோல்ட் என்று இருந்தால் அது நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட். லேபிளில் 11.1, சார்ஜரில் 12.6 என்றால் மூன்று செல் லித்தியம் அயான். 14.8, 16.8 என்றால் அதே லித்தியம் அயான் நான்கு செல்.

ஃபிஷ் ஃபைண்டர்களில் பல ஏறத்தாழ 10 முதல் 17 வோல்ட் வரை ஏற்கும், சில 20 வரை. உங்கள் கருவியின் கீழ் எல்லை 10.8 என்று வைத்துக்கொள்வோம். மூன்று செல் பேட்டரி 12.6இல் தொடங்கி 9 வரை சரிந்துகொண்டே போகும். 10.8ஐத் தொடும்போது இன்னும் கால்வாசி அளவு சார்ஜ் மிச்சம் இருக்கும், ஆனால் கருவி அணைந்துவிடும். காசு கொடுத்த கொள்ளளவில் ஒரு பகுதி எப்போதும் பயன்படாது. நான்கு செல் வகையோ முழு சார்ஜில் 16.8, மேல் எல்லை 17 ஆக இருக்கும் கருவியில் அது விளிம்பில் நிற்பது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பெரும்பகுதி நேரம் 13.2க்கும் 13.0க்கும் இடையிலேயே நிற்கும். கருவிக்கு அதுதான் சுகம். உப்புநீர், வெயில், குலுக்கல் எல்லாம் சேர்ந்த இடத்தில் சூடானாலும் எளிதில் தீப்பற்றாத வேதியியல் என்பதும் சேர்த்து, எங்கள் தேர்வு இதுதான். 7 ஆம்பியர் அவர், அல்லது 7 அங்குலக் கருவி என்றால் 10.

இதற்கும் ஒரு குறை உண்டு. வோல்ட் இறங்காமல் நிற்பதால் எவ்வளவு மிச்சம் என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் கடைசியில் திடீரென்று துண்டித்துவிடும். கருவியில் குறைந்த வோல்ட் அலாரம் இருந்தால் 12.7இல் வையுங்கள். அது அடித்தால் ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை என்று எண்ணிக் கரை திரும்பலாம்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை விமானத்தில் எடுத்துச் செல்லலாமா? – சிங்கப்பூரிலிருந்தே இன்னொரு வாசகர்

100 வாட் அவர் வரை கைப்பையில் பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். 12.8 வோல்ட் 7 ஆம்பியர் அவர் என்றால் 89.6 வாட் அவர், உள்ளே வரும். 10 ஆம்பியர் அவர் 128, கேட்டாக வேண்டும். முனைகளில் டேப் ஒட்டி, வாட் அவர் அச்சிட்ட லேபிள் தெரியும்படி கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டியில் தனி லித்தியம் பேட்டரி கூடாது.

20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் இருக்கிறது. அதுவே போதாதா? – திருநெல்வேலி வாசகர்

5 அங்குலக் கருவிக்குக் கொள்ளளவு போதும். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 74 வாட் அவர். 12 வோல்ட்டுக்கு மாற்றும்போது ஏற்படும் இழப்பும் போக, கையில் வருவது ஐந்து ஆம்பியர் அவர் சொச்சம்.

சிக்கல் வேறு இடத்தில். டைப்-சி வேக சார்ஜ் முறையில் 12 வோல்ட் எல்லா பவர் பேங்கிலும் கிடைப்பதில்லை. 15 வோல்ட் அதைவிடப் பரவலாக உண்டு. உங்கள் கருவி 15ஐ ஏற்றால் 15 வோல்ட் ட்ரிகர் கேபிள் (பவர் பேங்கிடம் அந்த வோல்ட்டைக் கேட்டு வாங்கும் கேபிள்) வாங்குங்கள். 5 வோல்ட்டை 12 ஆக்கும் மலிவான கேபிள்கள் வேண்டாம். அவற்றின் மாற்றி உண்டாக்கும் இரைச்சல் திரையில் புள்ளிமழையாக விழும். டைப்-சி முனை உப்புநீருக்குக் கொஞ்சமும் தாங்காது. குளத்துக்கும் அணைக்கும் சரி, கடலுக்கு வேண்டாம்.

பேட்டரி புதிது, முழு சார்ஜ். ஆனால் அலையில் கயாக் குலுங்கும்போது திரை அணைந்து அணைந்து எரிகிறது. – தூத்துக்குடி வாசகர்

பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள், இணைப்பைப் பாருங்கள். கயாக்கில் கருவி அணைகிறது என்ற புகார்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு தளர்ந்த முனையிலோ பச்சை பூத்த ஒயரிலோதான் போய் முடிகின்றன.

கருவி ஓடும்போது திரையில் காட்டும் வோல்ட்டையும், பேட்டரி முனையில் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டையும் ஒப்பிடுங்கள். 0.75 ஸ்கொயர் எம்.எம். ஒயர், போக வர மொத்தம் 4 மீட்டர் என்றால் அரை ஆம்பியரில் 0.05 வோல்ட்தான் குறைய வேண்டும். 0.3 குறைந்தால் எங்கோ ஓர் இணைப்பு கெட்டிருக்கிறது. ஒவ்வொரு இணைப்பாக ஆட்டிப் பாருங்கள், அகப்படும்.

ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தால் அதை வெட்டிவிடுங்கள். உப்புநீர் டேப்புக்குள் புகுந்து, ஒயர் இழைகளுக்கு இடையே உறைக்குள்ளேயே ஏறும். வெளியே நன்றாகத் தெரியும் ஒயர் உள்ளே கருத்திருக்கும். கருப்பு முடியும் வரை வெட்டிக்கொண்டே போய், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரில் கிரிம்ப் செய்து (முனையை இடுக்கியால் அழுத்திப் பொருத்தி), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். பசை ஓரத்தில் லேசாகப் பிதுங்கி வந்தால்தான் அடைப்பு சரி. பேட்டரி முனையில் போடும் தட்டைக் கிளிப் 4.8 மில்லிமீட்டர், 6.3 மில்லிமீட்டர் என்று இரண்டு அளவு உண்டு. சின்ன முனையில் பெரிய கிளிப்பைப் போட்டு அழுத்தி வைத்திருப்பார்கள். அலையில் விட்டுவிட்டுத் தொடுவது அதுதான். சரியான கிளிப், எக்ஸ்.டி.60 இணைப்பி, ஃபியூஸ் ஹோல்டர் எல்லாம் சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் கிடைக்கும்.

ஃபியூஸ் பாசிட்டிவ் ஒயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் வைத்தால் இடையில் உள்ள ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது காப்பாற்றாது. அளவு கையேட்டில் சொன்னது, பெரும்பாலும் 3 ஆம்பியர் அல்லது அதற்கும் குறைவு. ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று 10 ஆம்பியர் போட்டால் அடுத்து உருகுவது ஒயர், அதன்பின் பிளாஸ்டிக் கயாக்.

பேட்டரியை நீர் புகாத ஐ.பி.67 தரப் பெட்டியில், பஞ்சு வைத்து ஆடாமல் அமர்த்தி, ஒயரைச் சுற்றி இறுக்கி நீரைத் தடுக்கும் கேபிள் கிளாண்ட் வழியாக வெளியே எடுங்கள். வெளியே வந்ததும் ஒயர் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும்; வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். பெட்டியைக் கயாக்கின் நடுக்கோட்டில், தாழ்வாக, இருக்கைக்குப் பின்னால் பட்டையால் கட்டுங்கள். கவிழ்ந்தால் பறந்துபோகக் கூடாது. திரும்பியதும் இணைப்பிகளை முதலில் கழற்றி, பிறகு நன்னீரில் கழுவி உலர்த்திச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். மின்சாரம் இருக்கும்போது உப்புநீர் பட்டால் பாசிட்டிவ் முனையின் செம்பு கரையும் வேகம் பல மடங்கு.

பெட்டிக்குள் கடல்நீர் புகுந்து லித்தியம் பேட்டரி நனைந்துவிட்டால், காய்ந்த பிறகும் சார்ஜ் செய்யாதீர்கள். வீட்டுக்கு வெளியே வைத்து, மின்கழிவு எடுப்பவரிடம் சேருங்கள்.

ட்ரோலிங் மோட்டார் (படகை ஓட்டும் சிறு மின் மோட்டார்) ஓடும்போது ஃபிஷ் ஃபைண்டர் திரை முழுக்கக் கோடு. – கொழும்பு வாசகர்

மோட்டாருக்கும் கருவிக்கும் ஒரே பேட்டரியா? பிரித்துவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மீதிக்கு, ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்பி எதிரொலியை வாங்கும் ட்ரான்ஸ்டியூசரின் கேபிளை மோட்டார் ஒயரிலிருந்து ஒரு அடியாவது தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமானால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும். அப்படியும் இருந்தால் கருவியின் பவர் ஒயரில், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போடலாம்.

ஏரி உறையும் வரை கயாக் விடுகிறேன். குளிர்காலத்தில் பேட்டரியை கராஜில் வைத்துச் சார்ஜிலேயே விடலாமா? – டொராண்டோ வாசகர்

கூடாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை உறைநிலைக்குக் கீழே பயன்படுத்தலாம், கொள்ளளவு கொஞ்சம் குறையும், அவ்வளவே. சார்ஜ் செய்வதுதான் ஆபத்து. குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேல் உலோகமாகப் படியும். போன கொள்ளளவு திரும்பாது. கரையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் வைத்து, பேட்டரியின் உட்பகுதியும் அறைச் சூட்டுக்கு வர சில மணி நேரம் விட்டுச் சார்ஜ் செய்யுங்கள்.

பருவம் முடிந்ததும் பாதி சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். எடுக்கும்போது மீட்டர் பூஜ்யம் காட்டினால் பேட்டரி செத்துவிட்டது என்று எறிய வேண்டாம். பாதுகாப்புச் சர்க்யூட் துண்டித்திருக்கலாம். சாதாரண சார்ஜர் அதை அடையாளம் காணாது. பூஜ்ய வோல்ட்டிலிருந்து எழுப்பும் வசதியுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் சார்ஜரை இணைத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும்.