கணவர் கையெழுத்துப் போட்டால்தான் கருக்கலைப்பா?

கேள்வி: எனக்கு 28 வயது. வியாசர்பாடியில் இருக்கிறோம். பத்து மாதக் கைக்குழந்தை இருக்கிறது, சிசேரியனில் பிறந்தவன். பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்று நம்பியிருந்தோம். போன வாரம் வாந்தியும் தலைசுற்றலுமாக இருக்கவே மருந்துக்கடையில் அட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு வந்துவிட்டது. இன்னொரு பிரசவத்துக்கு என் உடம்பில் தெம்பில்லை. அருகிலிருக்கும் கிளினிக்கில் கேட்டபோது, கணவரை அழைத்துவந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவர் லாரி ஓட்டுநர், பாதி நாள் வெளியூரில்தான். கேட்டால், அம்மா சொல்வதைக் கேள் என்கிறார். மாமியாரோ, பாவம், போலீஸ் கேஸாகிவிடும் என்கிறார். ஸ்கேன் சென்டரிலும் ‘சட்டப்படி குற்றம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே தடை போட்டுவிட்டார்களாமே? தெரிந்த பெண் ஒருத்தி, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்கிறாள். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

பதில்: அன்புச் சகோதரி, அந்த மாத்திரையை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். உங்களைத் தடுத்து நிறுத்தியிருப்பது ஒரு கையெழுத்து. முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

கருக்கலைப்புக்கு முன் மருத்துவமனையில் ஒரு சம்மதப் படிவம் தருவார்கள். படிவம் ‘சி’ என்று பெயர். உங்கள் பெயர், இன்னாருடைய மகள் அல்லது மனைவி, வயது, முகவரி, ‘என் கர்ப்பத்தைக் கலைக்கச் சம்மதிக்கிறேன்’ என்று ஒரு வரி, கீழே உங்கள் கையெழுத்து. அவ்வளவுதான். அதன் அடுத்த பகுதி 18 வயது நிறையாத பெண்ணுக்கும் மனநோய் உள்ள பெண்ணுக்கும் காப்பாளர் கையெழுத்திடுவதற்கானது. கணவர் கையெழுத்திட அந்தத் தாளில் இடமே இல்லை. ‘மனைவி’ என்ற சொல் அங்கே இருப்பது நீங்கள் யார் என்று அடையாளம் காட்டுவதற்கு மட்டும்.

பிறகு ஏன் கேட்கிறார்கள்? பயம்தான் காரணம். நாளைக்குக் கணவர் வந்து சண்டை போட்டால் என்ன செய்வது என்ற பயம். தன் சம்மதம் இல்லாமல் மனைவி கருவைக் கலைத்துவிட்டார் என்று கணவர் ஒருவர், மனைவி மீதும் மருத்துவர்கள் மீதும் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2011-ல் அவர் வாதத்தை ஏற்கவில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இதற்குப் பிறகும் வாசலிலேயே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அவள் எங்கே போவாள் என்று அனுப்புகிறவர்கள் யோசிப்பதில்லை. கணவரோடு கலந்து பேசுங்கள், அது குடும்பத்துக்கு நல்லது. ஆனால் பேசுவது வேறு, அனுமதி வாங்குவது வேறு.

அந்தப் பலகையை நானும் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். ‘கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதும் தெரிவிப்பதும் சட்டப்படி குற்றம்’ என்பதுதான் அதில் எழுதியிருப்பது. பெண் சிசு என்று தெரிந்து கலைப்பதைத் தடுக்க 1994-ல் வந்த சட்டம் அது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காத்திருக்கும் பதற்றத்தில் ‘கரு’, ‘குற்றம்’ என்ற இரண்டு சொற்கள்தான் கண்ணில் படுகின்றன. படித்த பெண்கள்கூட என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதையும் முழுக்கத் தவறென்று தள்ள மாட்டேன். கருக்கலைப்பு இன்றைக்கும் குற்றவியல் சட்டத்தில் குற்றமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 312-வது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 88-வது பிரிவு. கருவைச் சுமக்கும் பெண்ணையே தண்டிக்கவும் அதில் இடமிருக்கிறது. அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது 1971-ல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். பதிவுபெற்ற, அதற்கான தகுதியுள்ள மருத்துவர், அங்கீகாரம் பெற்ற இடத்தில் செய்தால் குற்றமில்லை. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். உங்கள் உடல்நலம், மனநலம், வாழும் சூழல் ஆகியவற்றை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. பத்து மாதத்துக்கு முன் சிசேரியன், கையில் குழந்தை, உடம்பில் தெம்பில்லை. இதைக் கேட்டு மறுக்க ஒரு மருத்துவருக்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஆனாலும் இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. ‘எனக்கு வேண்டாம்’ என்று பெண் சொல்வது மட்டும் போதாது, மருத்துவர் தலையாட்ட வேண்டும். முடிவு அவளுடையது, சாவி மருத்துவர்களான எங்கள் கையில். 2021-ல் திருத்தினார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவர்கள், விவாகரத்தானவர்கள் போன்றோருக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை என்று நீட்டினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், திருமணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்றது. சாவி மட்டும் இடம் மாறவில்லை.

கரு வளர வளரக் கேள்வியும் கனமாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டபோது உச்ச நீதிமன்றமே முதலில் அனுமதித்து, பிறகு நீதிபதிகள் கருத்து வேறுபட்டு, கடைசியில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுத்தது. தாமதத்தின் விலை அது. நீங்கள் இருப்பது அந்தக் கட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 1973 முதல் இருந்த உரிமையை 2022 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது உண்மைதான். வியாசர்பாடியில் இருக்கும் உங்களை அது தொடாது. 2012-ல் அயர்லாந்தில், கரு தங்காது என்று தெரிந்த பிறகும் கலைக்க மறுக்கப்பட்டு, ரத்தத்தில் தொற்று பரவி இறந்துபோன நம் நாட்டுப் பெண் சவிதா ஹலப்பனவரைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன். அந்த நாடு 2018-ல் வாக்கெடுப்பு நடத்தித் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது.

இனி மாத்திரை. பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஒரு நள்ளிரவில், ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். சேலைக்கு மேல் போர்வை, போர்வையும் நனைந்திருந்தது. கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத் தாள்போல் இருந்தது. யாரிடமும் சொல்லாமல், யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்துகொண்டது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றிப் பிழைத்தார். ‘யாரைக் கேட்பது என்று தெரியவில்லை’ என்று மறுநாள் அவர் மெல்லச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மாத்திரை நல்ல மருந்துதான். மிஃபெப்ரிஸ்டோன், பிறகு ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால். ஒன்பது வாரம் வரை மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்க நம் விதிகள் அனுமதிக்கின்றன; பெரும்பாலோருக்கு முழுமையாக வேலை செய்கிறது. உங்கள் விஷயத்தில் சிக்கல் வேறு. பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு ஒழுங்காக வராது, அதனால் எத்தனை வாரம் என்று உங்களால் சொல்ல முடியாது. ஏழு வாரம் என்று நினைப்பது பன்னிரண்டாகவும் இருக்கலாம். கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். சிசேரியன் ஆனவர்களுக்கு, அரிதாக, பழைய தழும்பிலேயே கரு ஒட்டிக்கொள்வதும் உண்டு. அங்கே மாத்திரை போட்டால் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவது மிகவும் கடினம். இவற்றையெல்லாம் ஸ்கேன்தான் காட்டும், கடைக்காரர் காட்ட மாட்டார்.

ஸ்கேனில் எல்லாம் சரியாக இருந்து ஒன்பது வாரத்துக்குள் என்றால் மாத்திரை. தாண்டியிருந்தால் உறிஞ்சி எடுக்கும் முறை. நம் ஊரில் ‘சுத்தம் செய்வது’ என்பார்கள். கால் மணி நேர வேலை. கூரான கருவியால் சுரண்டும் பழைய முறையை உலக சுகாதார நிறுவனமே தவிர்க்கச் சொல்கிறது. எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பால் கொடுப்பதையும் ரத்த வகையையும் மறக்காமல் சொல்லுங்கள். முறையாகச் செய்தால் பிற்காலத்தில் குழந்தை பிறப்பதற்கு இதனால் தடை வராது. வீடு திரும்பிய பிறகு, ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள போக்கோ, மயக்கமோ இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

யாருக்கும் தெரிந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். உங்கள் பெயர் இருக்கும் பதிவேடு ரகசிய ஆவணம். அதை வெளியிடுகிறவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க 2021 திருத்தம் வழிசெய்கிறது. ‘குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டால்தான் கலைப்போம்’ என்று யாராவது சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். காப்பர்-டி போட்டுக்கொள்வது நல்லதுதான். ஆனால் அது உங்கள் விருப்பம், நிபந்தனை இல்லை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டால் தாய்ப்பாலை நம்பி இருக்க முடியாது என்பதை இப்போதாவது யாராவது உங்களிடம் சொல்லியாக வேண்டும். பிரசவ வார்டிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது.

பாவம் என்ற சொல்லுக்கு என்னிடம் மருந்தில்லை. அதை நீங்கள்தான் உங்கள் மனதோடு பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்து இந்தக் குழந்தையும் வேண்டும் என்று தோன்றினால், அதே உறுதியோடு அதைச் சொல்லுங்கள். பெண்ணின் சம்மதமில்லாமல் கலைப்பது இன்னும் கடுமையான குற்றம்.

உங்களுக்கு அருகில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. எழும்பூர் தாய்சேய் மருத்துவமனைக்கும் போகலாம். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் கிடையாது. இந்த வாரமே, காலையில் புறநோயாளிகள் பிரிவுக்குப் போய்விடுங்கள். சிசேரியனுக்குப் பிறகு கொடுத்த டிஸ்சார்ஜ் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தழும்பைப் பற்றி அங்கே கட்டாயம் கேட்பார்கள்.