பழைய மின்சார ஸ்கூட்டரின் சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாரைக் காற்றாலை ஜெனரேட்டராகப் பயன்படுத்த முடியுமா? மோட்டாரில் எதையாவது மாற்ற வேண்டுமா?

முடியும். மோட்டாருக்குள் ஒரு காயிலைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் பயன்படும் அளவுக்கு மின்சாரம் வருமா என்பது வேறு விஷயம். அது சுற்றும் வேகத்தையும், மோட்டாருக்கும் பேட்டரிக்கும் நடுவில் நீங்கள் வைக்கும் கட்டுப்பாட்டையும் பொறுத்தது. ஹப் மோட்டார் ரிப்பேர் பார்ப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உடுமலைப் பக்கம் மொட்டை மாடி, 48 வோல்ட் மோட்டார், 2 மீட்டர் விட்டத்தில் மூன்று இறக்கை என்று நீங்கள் கேள்வியில் சொன்னதையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மோட்டார் எந்த வகை என்று பாருங்கள். உள்ளே பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டார்களில் பெரும்பாலும் ஃப்ரீவீல் இருக்கும். சக்கரம் முன்பக்கம் சுற்றினாலும் உள்ளே மோட்டார் நிற்கும், ஒன்றும் வராது. பல்சக்கரம் இல்லாத நேரடி வகைதான் உங்களுக்கு வேண்டும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரிலிருந்து கழற்றிய மூன்று தடிமனான ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, சக்கரத்தை முன்பக்கமாகச் சுற்றுங்கள். நேரடி வகையாக இருந்து, காயிலும் காந்தமும் நன்றாக இருந்தால், கை வலிக்கும் அளவுக்கு இறுகும். ஒயர்களைப் பிரித்ததும் லேசாகிவிடும். பிரித்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால் உள்ளே காயில் ஷார்ட் ஆகியிருக்கிறது, அந்த மோட்டாரை விட்டுவிடுங்கள்.

அந்த இறுக்கம்தான் ஜெனரேட்டர். மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே இயந்திரம் என்பது உலகத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது 1873-ல், வியன்னா கண்காட்சியில். கிராம் என்பவர் உருவாக்கிய, ஓடிக்கொண்டிருந்த ஒரு டைனமோவின் (ஜெனரேட்டரின்) ஒயர்களை, சும்மா நின்ற இன்னொரு டைனமோவில் இணைத்தார்கள். அது தானாகச் சுற்ற ஆரம்பித்தது. நீங்கள் அதைத் திருப்பிச் செய்யப் போகிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 48 வோல்ட்டில் சுமை இல்லாமல் 480 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 480 முறை, சுற்றும் மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே நீங்கள் சுற்றினால் ஏறத்தாழ 10 ஆர்பிஎம்முக்கு 1 வோல்ட் தரும். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் அடிக்கிறது. நல்ல மூன்று இறக்கை, அதன் நுனி காற்றைவிட 6 மடங்கு வேகத்தில் ஓடும்போதுதான் அதிக சக்தியை எடுக்கும். நுனி வேகம் 30 மீட்டர் என்றால் சுமார் 286 ஆர்பிஎம். மோட்டார் தருவது 28 வோல்ட் சொச்சம். 48 வோல்ட் பேட்டரிக்கு ஏசியை டிசியாக்கும் வெறும் டையோடு ரெக்டிஃபையர் வழியாகக் கொடுத்தால் அதில் ஒரு ஆம்பியர்கூட ஏறாது. காற்றாலை நன்றாகச் சுற்றுகிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை என்று பலர் தவிப்பது இங்கேதான்.

24 வோல்ட் பேட்டரிக்கு இறங்கினால் மெல்லிய காற்றிலேயே ஏற ஆரம்பிக்கும். ஆனால் பலத்த காற்றில் வேறொரு சிக்கல் வரும். காற்று 10 மீட்டருக்குப் போனால் இறக்கைக்கு 570 ஆர்பிஎம் தேவை. அதில் கிடைக்கக்கூடிய சக்தியும் 80 வாட்டிலிருந்து 640 வாட்டுக்குத் தாவும், ஏனென்றால் காற்று இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்காகும். பேட்டரியோ மோட்டாரை 28 வோல்ட் பக்கத்திலேயே பிடித்து வைக்கும். இறக்கை வேகமெடுக்க முடியாமல் திணறி, அந்த 640 வாட்டின் பெரும்பகுதியைத் தவறவிடும். 12 வோல்ட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதே சக்திக்கு இரண்டு மடங்கு ஆம்பியர், காயிலில் நான்கு மடங்கு சூடு.

இதற்குத் தீர்வு மோட்டார் கன்ட்ரோலர்தான். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்கும்போது மெதுவாகச் சுற்றும் மோட்டாரின் 20 வோல்ட் எப்படி 48 வோல்ட் பேட்டரிக்குள் போகிறது? கன்ட்ரோலர் தனக்குள் இருக்கும் மின்னணு சுவிட்சுகளில், அதாவது மாஸ்ஃபெட்களில், கீழ்வரிசையைக் கணநேரம் ஆன் செய்து காயிலை ஷார்ட் செய்கிறது. காயிலில் மின்னோட்டம் ஏறுகிறது. உடனே ஆஃப் செய்கிறது. ஓட்டத்தை விடாத காயில், வோல்ட்டை உயர்த்தி அதை பேட்டரிக்குள் தள்ளுகிறது. மோட்டார் காயிலே, வோல்ட்டை உயர்த்தும் சுற்றான பூஸ்ட் கன்வெர்ட்டரின் காயிலாகவும் வேலை செய்கிறது, தனியாக ஒன்று தேவையில்லை.

விலை குறைந்த கன்ட்ரோலர் இதற்கு உதவாது. ஒரே அளவு பிரேக் கொடுத்து மெல்லிய காற்றில் இறக்கையை நிறுத்திவிடும். பிரேக் மின்னோட்டத்தை நாமே நிரல் எழுதி அமைக்கக்கூடிய வெஸ்க் போன்ற கன்ட்ரோலர் வேண்டும். விதி ஒரே வரிதான்: பிரேக் மின்னோட்டம் ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏற வேண்டும். இந்த மோட்டாருக்கு 286 ஆர்பிஎம்மில் சுமார் 3 ஆம்பியர் என்றால், 570-ல் 11, 12 ஆம்பியர். இப்படி வைத்தால் காற்றின் வேகத்தை அளக்கவே வேண்டாம். மோட்டாருக்குள் இருக்கும் ஹால் சென்சார் சொல்லும் ஆர்பிஎம் போதும், இறக்கை தன் நல்ல வேகத்தில் தானே நிற்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மோட்டாரின் வோல்ட் பேட்டரியைத் தாண்டினால், மாஸ்ஃபெட்டுக்குள் இருக்கும் டையோடு வழியே மின்னோட்டம் கேட்காமலே பாயும், கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். அதனால் பலத்த காற்றில் மோட்டார் தரும் 57 வோல்ட்டைவிட உயர்ந்த பேட்டரி, 60 வோல்ட்டோ 72 வோல்ட்டோ, பொருத்தம். கன்ட்ரோலரும் அந்த வோல்ட்டைத் தாங்க வேண்டும்.

உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நேர் எதிரே இருக்கிறது, ஆடி மாதத்தில் விளையாட்டில்லை. லித்தியம் பேட்டரி நிரம்பி, அதன் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் இணைப்பைத் துண்டித்தால் இறக்கைக்குச் சுமையே இருக்காது. வேகம் தறிகெட்டு ஏறும், வோல்ட்டும் கூடவே ஏறி மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். நிரம்பும் முன்பே மின்சாரத்தை ஹீட்டர் காயில் போன்ற டம்ப் லோடுக்குத் திருப்பும் ஏற்பாடு கட்டாயம்.

மாடிச்சுவரிலும் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலும் மோதிச் சுழலும் காற்றில் மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது. கம்பம் சுற்றியுள்ள எல்லாவற்றையும் தாண்டி உயர வேண்டும். அது முடியாது, நோக்கம் மின்கட்டணம் குறைவதுதான் என்றால் அதே பணத்துக்குச் சோலார் பலகை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். மோட்டாரைப் புரிந்துகொள்ள ஆசை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

அப்புறம், ஹப் மோட்டாரின் அச்சு இரண்டு பக்கமும் தாங்கப்படுவதற்காகச் செய்தது. காற்றாலையில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால், ஒயர் வெளிவரும் துளை இருக்கும் இடத்தில் அது முறியலாம். அந்தப் பக்கத்துக்கு ஒரு தடித்த இரும்புத் தாங்கி வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். மூன்று ஒயர்களையும் ஒரே நேரத்தில் ஷார்ட் செய்யும் சுவிட்ச் ஒன்றை, கன்ட்ரோலரை முதலில் பிரித்துவிடும்படி, கம்பத்தின் அடியில் கை எட்டும் உயரத்தில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் காற்று வலுக்கும் முன்பே அதைப் போட்டு இறக்கையை நிறுத்திவிடுங்கள். முழு வேகத்தில் சுற்றும்போது போட்டால் பாயும் மின்னோட்டத்தில் காயில் கருகலாம்.