டால்ஸ்டாயின் சிறுவர் கதைகளையும் அகிம்சை எழுத்துகளையும் படித்தவர்கள், குழந்தைகளுக்குப் படித்துக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? அனுபவம் எப்படி?

இருக்கிறேன். பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டை மாடியில், ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கும் அவள் கூட்டாளிகள் நாலைந்து பேருக்கும் சனிக்கிழமை சாயங்காலங்களில் படித்துக் காட்டுகிறேன்.

முதலில் படித்தது 1885-இல் அவர் எழுதிய இரண்டு சிறுமிகளின் கதை. ஈஸ்டர் சமயம், பனி உருகித் தெருவில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. விளையாட்டில் ஒருத்தி காலை ஓங்கி வைக்க, இன்னொருத்தியின் புதுச் சட்டையெல்லாம் சேறு. அம்மாக்கள் சண்டைக்கு வருகிறார்கள், பிறகு ஆண்கள் வந்து கைகலப்பு வரை போய்விடுகிறது. அதற்குள் அந்த இரண்டும் சமாதானமாகி, வாய்க்கால் வெட்டி மரச்சிராய் மிதக்கவிட்டுப் பின்னாலேயே ஓடுகின்றன. ஒரு பாட்டி அதைச் சுட்டிக்காட்ட, பெரியவர்கள் வெட்கப்பட்டு, தங்களை நினைத்தே சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தடுமாறியது. என் மகள் சைக்கிளைத் திருப்பும்போது கீழ்வீட்டுக்காரர் காரில் ஒரு கீறல் விழுந்து, நாங்கள் பேசாமல் ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாவும் நானும் இஸ்திரி வண்டியில் எதிரெதிரே நின்றால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம். அவர்கள் மகளோ என் மகளுக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கதை கேட்கிறாள்.

"வீட்டுக்குப் போயிட்டாங்க, சரி. ஸாரி சொல்லிக்கிட்டாங்களா?" என்றாள் என் மகள்.

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கதையில் அது இல்லை.

பேச்சை மாற்றத்தான் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இந்திய விடுதலைக்கு ஆதரவு கேட்டு எழுதிய தாரக்நாத் தாஸுக்கு 1908-இல் டால்ஸ்டாய் ஒரு நீண்ட பதில் எழுதினார். வன்முறை வேண்டாம், அன்பு ஒன்றே வழி என்ற அந்தக் கடிதத்தில் நம் இன்னாசெய்யாமை அதிகாரத்துக் குறள்களை எடுத்துக் காட்டியிருக்கிறார். காந்தி அதைப் படித்துவிட்டு 1909-இல் அவருக்கு எழுதி, அனுமதி கேட்டுத் தன் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் வெளியிட்டார். "நம்ம குறளா!" என்று பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பள்ளிக்கூட ராகத்தில் எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்:

இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண
நன்னயம் செய்து விடல்.

சொல்லி முடித்ததும் என் மகள் விடவில்லை. "அந்தக் கதையில 'நாண' மட்டும்தான் இருக்கு. 'நன்னயம்' யாருமே செய்யலையே?"

என்னிடம் பதில் இல்லை. டால்ஸ்டாயின் அகிம்சைக் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் காந்தியை உலுக்கிய, 'கடவுளின் அரசு உங்களுக்குள்ளே' என்ற அந்தப் பெரிய நூலையும் படித்திருக்கிறேன். ஒவ்வொரு வாதத்துக்கும் தலையாட்டிவிட்டு மூடி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் நான் படிக்கக் கொடுத்தவர்களும் "நல்லா இருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்தார்கள். குறளில் பாதிதானே கதையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. குடியானவர் பிள்ளைகளுக்குத் தன் ஊரில் பள்ளிக்கூடம் வைத்து, அவர்களோடு உட்கார்ந்தே கதை எழுதிப் பார்த்தவர் அவர். இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இறைநம்பிக்கைக் கதைகளில் எனக்குத் தயக்கம் இருந்தது. எங்கள் வீட்டில் தேவாரம், அங்கே பைபிள். ஆனால் பிஷப் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை மறந்துவிட்டு, அதைத் திரும்பக் கேட்கக் கடல்மேல் ஓடிவரும் மூன்று கிழத்துறவிகளின் கதையைச் சொன்னதும், என் அப்பா சாய்வுநாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்து, "அட, நம்ம பூசலார்!" என்றார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய நாயனார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனிடமே, குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றிக்கொள், நாளை நான் பூசலார் மனசில் கட்டிய கோயிலுக்குப் போகவேண்டும் என்று இறைவன் கனவில் சொன்னதாகப் பெரியபுராணம். பூசலாரின் ஊரான திருநின்றவூர் இங்கிருந்து மின்சார ரயிலில் போகிற தூரம்தான். அடுத்த ஞாயிறே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தார் அப்பா.

அந்த வருடம் தீபாவளிக்கு முறுக்கும் ரவாலட்டும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு கீழே போனேன். கதவைத் திறந்த அம்மா ஒரு நிமிடம் டப்பாவையே பார்த்தார். "கீறலுக்கு நாங்கதான் பெயின்ட் அடிச்சுக் கொடுத்திருக்கணும், தப்புதான்" என்றேன். "உள்ள வாங்க" என்று அவர் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவர் மகள் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெறும் டப்பாவாகக் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்து, அடியில் ஒரு பிடி சர்க்கரை போட்டு அனுப்பியிருந்தார்.