மும்பை மழைக்கு கோட் வாங்கப் போறீங்களா, முதல்ல உள்பக்கம் திருப்பிப் பாருங்க

கேள்வி: அக்கா, நான் செம்பூர்ல இருக்கேன், தினமும் ஹார்பர் லைன் லோக்கல் ட்ரெயின்ல சிஎஸ்எம்டி ஸ்டேஷன்ல இறங்கி ஃபோர்ட் ஏரியா ஆபீசுக்கு நடந்து போறேன். போன ஜூன்ல ஆன்லைன்ல 1,800 ரூபாய்க்கு அழகா ஒரு ரெயின் ஜாக்கெட் எடுத்தேன், வாட்டர் ரெசிஸ்டன்ட்னு போட்டிருந்துச்சு. பத்து நிமிஷ மழைல ரெண்டு தோளும் ஊறிப்போச்சு, கீழ லெக்கிங்ஸ் முட்டி வரைக்கும் சொதசொதன்னு ஆகி ஆபீஸ் ஏசில நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். அந்த பிளாஸ்டிக் ஷீட் கோட்ட மாட்டிக்கவும் மனசு வரல. நனையவும் கூடாது, பார்க்கவும் நல்லா இருக்கணும், என்ன வாங்கறது?

பதில்: ஏமாந்தது அந்த லேபிள்லதாம்மா. வாட்டர் ரெசிஸ்டன்ட்னா தூறல் தாங்கும், அதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது. வாட்டர்ப்ரூஃப்னு போட்டு கூடவே மி.மீ. கணக்கும் கொடுத்திருக்காங்களான்னு பாருங்க. துணி மேல அத்தனை மி.மீ. உயரத்துக்கு தண்ணி நின்னாலும் உள்ள கசியாதுன்னு அர்த்தம். 2,000 மி.மீ. லேசான மழைக்கு சரி, நம்ம ஜூலை மழைக்கு 5,000 மி.மீ.க்கு கீழ இறங்காதீங்க, தோள்ல பேக் மாட்டறவங்கன்னா 10,000 கிடைச்சா இன்னும் நல்லது, ஏன்னா பேக் வார் அழுத்தற இடத்துலதான் தண்ணி உள்ள தள்ளும்.

ஆனா எனக்கு துணிய விட தையல்தான் முக்கியம். ஊசி இறங்கின ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு வழிதானே. கோட்ட உள்பக்கமா திருப்பிப் போடுங்க, தோள், கை சேர்ற இடம், ஹூட் சேர்ற இடம் எல்லாத்துலயும் தையல் மேல வழுவழுன்னு டேப் ஒட்டியிருக்கணும், இல்லன்னா என்ன விலையா இருந்தாலும் வச்சிட்டு வந்துடுங்க. ஆன்லைன்னா உள்பக்க போட்டோ இருக்கான்னு தேடுங்க. கடைல தண்ணி தெளிச்சு முத்து முத்தா உருண்டு ஓடறத காட்டுவாங்க, அது மேல் பூச்சு செய்யற வேலை, தூறல் தாங்கற கோட்லயும் அப்படித்தான் உருளும். அந்தப் பூச்சு போகப் போக தேயும், கேர் லேபிள்ல அயர்ன் போடலாம்னு இருந்தா மட்டும் கம்மி சூட்டுல ஒரு தடவ தேய்ச்சா பல கோட்ல பூச்சு திரும்ப வேலை செய்யும்.

இப்ப அழகுக்கு வரேன். இடுப்போட நிக்கற ஜாக்கெட்ல வழியற தண்ணி நேரா தொடைலதான் இறங்கும், அதனால முட்டிக்குக் கீழ வர ட்ரெஞ்ச் கோட் மாதிரி கட் எடுங்க, இடுப்புல பெல்ட் இருந்தா ஆபீஸ் டிரஸ் மாதிரியே தெரியும். நேவி ப்ளூ, பாட்டில் க்ரீன், மெரூன் இதெல்லாம் சேறு தெறிச்சாலும் அவ்வளவா காட்டாது. அக்குள்ல ஜிப்போ முதுகுல வலை வச்ச மடிப்போ கட்டாயம் வேணும், நம்ம ஊர் புழுக்கத்துல காத்து போகாத கோட் போட்டா மழைல நனையற அளவு வேர்வைலயும் நனைவீங்க, லோக்கல் ட்ரெயின் கூட்டத்துல கேக்கவே வேணாம்.

முட்டிக்குக் கீழ நனையத்தான் செய்யும், அத ஒத்துக்கிட்டு டிரஸ் எடுங்க. காட்டனும் ஜீன்ஸும் தண்ணியக் குடிச்சிட்டு சாயங்காலம் வரை காயாது. பாலியஸ்டர் கலந்த, கணுக்காலுக்கு ஒரு ஜாண் மேல நிக்கற பேன்ட், மேல கிரேப் துணி குர்த்தி, துப்பட்டா வேண்டாம். இது ஃபேன் அடியில சீக்கிரம் காஞ்சிடும்.

செருப்பு விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். லெதர் ஷூ வேண்டாம், பூஞ்சை பிடிச்சிடும். ஆழமா வரி போட்ட ரப்பர் சோல், பின்னாடி வார் வச்ச சாண்டல் போதும், ஸ்டேஷன் பாலத்துப் படில வழுக்காது. ஆபீஸ் ஷூவ ஆபீஸ்லயே வச்சிடுங்க. கம்பூட், அதான் உயரமான ரப்பர் பூட்ஸ், அழகுதான், ஆனா தண்ணி அதோட உயரத்தத் தாண்டிச்சுன்னா உள்ள ரொம்பி கால தூக்கவே முடியாது. ஹிந்த்மாதா, சயன் பக்கம் தேங்கற தண்ணில எலி மூத்திரம் கலந்திருக்கும், கால்ல சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரலாம், அப்படி இறங்க வேண்டி வந்தா சோப்பு போட்டு கழுவுங்க, ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட தண்ணில நடந்தத மறக்காம சொல்லுங்க. 2005 ஜூலை 26 மாதிரி, சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. கொட்டின மாதிரி மழைக்கு எந்த கோட்டும் கிடையாது, ரெட் அலர்ட்னா வீட்ல இருங்க தாயி.

குடை? ஃபோர்ட்ல காத்து அடிக்கற அடிக்கு அத ரெண்டாவதா வச்சுக்கோங்க.

கேள்வி: மேடம், நான் முலுண்ட். பைக்குக்கு கடைல 1,400 ரூபாய்க்கு ரெயின் சூட் வாங்கி 12 நாள்தான் ஆச்சு, பேன்ட் தையல் டேப் உரிஞ்சு வருது. பில்லுல 'விற்ற பொருள் திரும்ப எடுக்க மாட்டோம்'னு அச்சடிச்சிருக்கு, கடைக்காரர் அதையே காட்டறார்.

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்கு செல்லாதுங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி, பில்லுல நாள் எதுவும் குறிக்கலன்னா 30 நாளுக்குள்ள குறையுள்ள பொருள திரும்ப எடுக்கவும் பணத்தத் திருப்பித் தரவும் மறுக்கறது முறையற்ற வியாபாரம். கலர் பிடிக்கலன்னு கேட்டா இது பொருந்தாது, உங்களோடது தெளிவா குறைபாடு. உரிஞ்ச இடத்த போட்டோ எடுங்க, பில்ல பத்திரப்படுத்துங்க, கடைக்கு வாட்ஸ்அப்ல எழுத்துல கேளுங்க. அப்பவும் மறுத்தா 1915க்கு போன் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயும் பேசலாம். இன்னும் 18 நாள் இருக்கு, இன்னைக்கே அந்த மெசேஜ அனுப்பிடுங்க.