மீன் வெட்டும்போது கை அறுபட்டால் ரத்தம் எப்படித் தானாக நிற்கிறது?

காசிமேட்டில் மீன் வெட்டும் அக்காவுக்குக் கை கிழித்தால் சற்று நேரத்தில் ரத்தம் நின்றுவிடுகிறது, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும் மாமாவுக்கு மட்டும் ஏன் நிற்க நேரமாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் த்ராம்பின் என்ற நொதிதான்.

இது எப்போதும் தயார் நிலையில் ரத்தத்தில் சுற்றுவதில்லை; சுற்றினால் குழாய்க்குள்ளேயே கட்டி விழும். கல்லீரல் தயாரிக்கும் அதன் செயல்படாத முன்வடிவமான புரோத்ராம்பின்தான் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். அரிவாள்மணை பட்டுத் தோல் கிழிந்ததும், பல உறைதல் காரணிகள் (ரத்தம் உறைய உதவும் புரதங்கள்) ஒன்றையொன்று தூண்டி, கடைசியில் அதை வெட்டி த்ராம்பினாக்குகின்றன. த்ராம்பின் உடனே ஃபைப்ரினோஜன் புரதத்தை நறுக்க, அது ஃபைப்ரின் இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. சிவப்பணுக்கள் அதில் வலையில் மாட்டிய நெத்திலி மாதிரிச் சிக்குகின்றன. தட்டணுக்களை உசுப்புவதும், இழைகளை இறுக்கும் 13ஆம் காரணியை எழுப்புவதும் இதே த்ராம்பின்தான்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: காயமில்லாத குழாய்ச் சுவரில் இருக்கும் த்ராம்போமாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்தால், அதே த்ராம்பின் ‘புரதம் சி’ என்ற இன்னொரு புரதத்தைத் தூண்டி உறைதலுக்குக் கடிவாளம் போடுகிறது.

புரோத்ராம்பின் முழுமையாக உருவாக வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் மறுசுழற்சியைத் தடுக்கிறது. அதனால்தான் மாமாவுக்குத் தாமதம். மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. வைட்டமின் கே நிறைந்த முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு, அடுத்த வாரம் தொடாமலும் இருக்கக் கூடாது.

காயத்தில் காபித்தூள் அப்புவார்களே, அங்கே உதவுவது தூளல்ல, அழுத்திப் பிடிக்கும் விரல். சுத்தமான துணியால் விடாமல் அழுத்துங்கள். அப்படியும் மாமாவுக்கு நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.